நெடியவர் ஒருவரின் 24 பருவங்கள்: ஸ்டெனோ சாரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுகிறவர் கோல் அடிப்பவர். அடுத்தவர் கோல்கீப்பர். தடுப்பாட்டக்காரரைக் கவனிக்க ஒன்றிரண்டு பருவங்களாவது ஆகும். சாரா மட்டும் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுவார். சறுக்குக் காலணியோடு நின்றால் ஏறக்குறைய 7 அடி. அதனால் அவரைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி உயரத்தைப் பற்றியே இருக்கும். கேட்பவர்கள் அதை ஒரு வரம் என்று நினைத்துக் கேட்கிறார்கள். என் பார்வையில், அவருடைய முதல் பத்து ஆண்டுகளில் அது அவிழ்க்க வேண்டிய முடிச்சாகத்தான் இருந்தது. கீழே உள்ள பதில்களில் அந்தச் சாய்வு தெரியும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

யார் இவர்? பெயரை எப்படிச் சொல்வது?

1977 மார்ச் 18 அன்று அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவின் டிரென்சின் நகரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. 1997 முதல் 2022 வரை, என்.ஹெச்.எல். எனப்படும் வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகில் 24 பருவங்கள் ஆடினார். நியூயார்க் ஐலண்டர்ஸ், ஒட்டாவா செனட்டர்ஸ், பாஸ்டன் புரூயின்ஸ், வாஷிங்டன் கேப்பிடல்ஸ், கடைசியில் மறுபடியும் ஐலண்டர்ஸ். மொத்தம் 1,680 ஆட்டங்கள். லீகின் வரலாற்றில் வேறு எந்தத் தடுப்பாட்டக்காரரும் இத்தனை ஆடியதில்லை.

பெயரை அமெரிக்காவில் ‘சாரா’ என்கிறார்கள். சொந்த ஊரில் அந்த முதல் எழுத்து தொண்டையிலிருந்து வரும், ‘ஹாரா’வுக்குப் பக்கத்தில். நம் ஆய்தத்தைச் சற்று அழுத்திச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒலி எளிது. ‘ஸ்டெனோ’ என்றதும் பழைய அரசு அலுவலகத்துச் சுருக்கெழுத்தாளர் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தவறில்லை; எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தடுப்பாட்டக்காரரின் வேலை என்ன?

ஐஸில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று முன்னணி ஆட்டக்காரர்கள். ஆட்டம் 60 நிமிடம். ஆனால் ஒருவர் ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம்தான் தாங்குவார். மூச்சு வாங்கியபடி பெஞ்சுக்குத் திரும்ப, அடுத்த ஜோடி இறங்கும்.

எதிரணியினர் வேகமாக முன்னோக்கி வரும்போது இவர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே அவர்களை எதிர்கொள்ள வேண்டும். வருபவருக்கும் தனக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் பாதித் திறமை இருக்கிறது. நெருங்கி நின்றால் தாண்டிப் போய்விடுவார்கள். விலகி நின்றால் அங்கிருந்தே அடிப்பார்கள். பக்கை, அதாவது இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை, பறித்த பிறகு பதறாமல் தன் ஆளிடம் சேர்ப்பது மீதி வேலை. நன்றாக ஆடிய நாளில் இவர் பெயரை வர்ணனையாளர் அதிகம் சொல்ல மாட்டார். நம்மூர் விக்கெட் கீப்பர் கதைதான்.

அவ்வளவு உயரம் இருந்தால் இதெல்லாம் எளிதுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

அவர் உயரம் 6 அடி 9 அங்குலம், அதாவது 206 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 113 கிலோ. இந்த உடம்போடு ஓர் அங்குலத்தில் பாதிகூட அகலமில்லாத எஃகுத் தகட்டின்மேல் பின்னோக்கிச் சறுக்கி, சட்டென்று திரும்பி, எதிரே வரும் 5 அடி 9 அங்குல ஆளைத் துரத்த வேண்டும். உடல் பாரத்தின் மையம் மேலே இருப்பவருக்குத் திரும்புவது சிரமம். முழங்காலை மடக்கித் தாழ்ந்தே ஆட வேண்டும். அது தொடையை எரித்துவிடும். மட்டை நீளமாக இருப்பதால் காலடியில் புகுந்த பக்கைக் கையாளுவதும் கடினம்.

இன்னொன்றும் உண்டு. சாதாரணமாகக் கையை மடக்கி நின்றாலே அவர் முழங்கை மற்றவர்களின் முக உயரத்தில் இருக்கும். அதே மோதலைச் சராசரி உயரமுள்ளவர் செய்தால் தோளோடு தோள். இவர் செய்தால் தலையில் அடி, நடுவரின் விசில், தண்டனைப் பெட்டியில் இரண்டு நிமிடம்.

உயரத்தால் கிடைத்த லாபம் எட்டும் தூரம். லீகில் மட்டையின் நீளம் 63 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 6 அடி 6 அங்குலத்துக்கு மேற்பட்டவர்கள் அனுமதி பெற்று 65 அங்குலம் வைத்துக்கொள்ளலாம். சாரா அதைத்தான் வைத்திருந்தார். அந்த நீண்ட கையும் மட்டையும் சேர்ந்து ஒரு பெரிய வட்டத்தை வளைத்துக்கொள்ளும். அந்த வட்டத்துக்குள் பக்கை அனுப்ப எதிரணியினர் தயங்குவார்கள். ஆனால் கால் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் எட்டும் கைக்கு மதிப்பு. கால்களை அந்த இடத்துக்குக் கொண்டுவர அவருக்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிடித்தன.

சிறுவயதில் அவருக்கு என்ன பயிற்சி கிடைத்தது?

அப்பா ஸ்டெனெக் சாரா கிரேக்க–ரோமன் மல்யுத்த வீரர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காக இறங்கியவர். மகனின் உடற்பயிற்சியை அவரே பார்த்துக்கொண்டார். பையன் விறுவிறுவென வளர, ‘இவனுக்குக் கூடைப்பந்துதான் சரி’ என்று ஹாக்கிக்காரர்கள் சொல்லத் தொடங்கினார்கள். டிரென்சின் சாதாரண ஊரில்லை. மரியான் ஹோசா, மரியான் காபோரிக் போன்றவர்கள் வளர்ந்த ஹாக்கிக் களம் அது. அங்கே நெட்டையாக, மெதுவாகத் திரும்புகிற பையனுக்கு இடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. அதனால் பிராக் நகரின் ஸ்பார்ட்டா அணியின் இளைஞர் பிரிவுக்குப் போனார்.

1996-ல் என்.ஹெச்.எல். புதுமுகத் தேர்வில் ஐலண்டர்ஸ் அவரை எடுத்தது, மூன்றாம் சுற்றில், 56-ஆவது ஆளாக. அந்த ஆண்டு முதல் ஆளாக ஒட்டாவா எடுத்ததும் ஒரு தடுப்பாட்டக்காரரைத்தான்: கிறிஸ் பிலிப்ஸ். நல்ல ஆட்டக்காரர், ஒட்டாவாவிலேயே தன் காலம் முழுவதையும் ஆடி முடித்தார். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 56-ஆவது ஆளுக்குக் கிடைத்தது.

தேர்வான கையோடு சாரா கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊருக்குப் போய் இளைஞர் லீகில் ஒரு பருவம் ஆடினார். புது மொழி, சிறிய ஆடுகளம், முரட்டு ஆட்டம். ஐரோப்பிய ஆடுகளம் இன்னும் அகலமானது. வட அமெரிக்காவில் அகலம் 85 அடிதான். உயரமானவருக்கு அந்தக் குறுகல் உண்மையில் நல்லது, துரத்த வேண்டிய தூரம் குறைகிறது. 1997 நவம்பரில் ஐலண்டர்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடினார்.

ஐலண்டர்ஸ் ஏன் அவரைக் கைவிட்டது?

லீகின் வரலாற்றில் மிகவும் கேலி செய்யப்பட்ட கைமாற்றங்களில் ஒன்று இது. 2001 ஜூனில் ஒட்டாவாவின் நட்சத்திரம் அலெக்சி யாஷின் வேண்டும் என்பதற்காக, ஐலண்டர்ஸின் பொது மேலாளர் மைக் மில்பரி மூன்றைக் கொடுத்தார்: சாரா, பில் மக்கால்ட், கூடவே அந்த ஆண்டின் புதுமுகத் தேர்வில் இரண்டாவதாக எடுக்கும் உரிமை. அந்த உரிமையை வைத்து ஒட்டாவா ஜேசன் ஸ்பெஸாவை எடுத்தது. அவரும் பின்னாளில் அந்த அணியின் தலைவரானார். யாஷினுக்கு ஐலண்டர்ஸ் 10 ஆண்டுகளுக்கு 87.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. 2007-ல் அதைப் பணம் கொடுத்தே முறித்துக்கொண்டது. முறித்ததற்கான தவணை 2015 வரை போய்க்கொண்டே இருந்தது.

மில்பரியைத் திட்டுவது இன்று எளிது. 2001-ல் சாராவைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது தடுமாறுகிற, அதிகமாக அடித்துவிடுகிற 24 வயது ஆள். ஒட்டாவா பார்த்தது அந்த ஆள் கோடைக் காலத்தில் செய்யும் உழைப்பை.

பிறகு ஒட்டாவாவும் விட்டுவிட்டதே?

ஆம். நான்கு பருவங்களில் அவர் ஒட்டாவாவின் தூணாகிவிட்டார். நடுவே 2004–05 பருவம் முழுவதும் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நடந்த சம்பளத் தகராறில் போய்விட்டது. அவர் ஸ்வீடனின் ஃபேர்யஸ்டாட் அணிக்கு ஆடினார்.

தகராறு முடிந்தபோது ஆட்டத்தின் விதிகளே மாறியிருந்தன. மட்டையால் கொக்கி போடுவது, பிடித்து நிறுத்துவது எல்லாவற்றுக்கும் நடுவர்கள் கறாராகத் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். நீளமான பாஸ்களும் செல்லும் என்றானது. பெரிய உடம்புக்காரத் தடுப்பாட்டக்காரர்களின் காலம் முடிந்தது என்று எழுதினார்கள். சாராவின் சிறந்த ஆண்டுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. பிடித்து நிறுத்தாமல் தடுக்க அவர் ஏற்கெனவே பழகிவிட்டிருந்தார்.

அதே தகராறு அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பைக் கொண்டுவந்தது. 2006 கோடையில் சாரா, வேட் ரெடன் என்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்களின் ஒப்பந்தமும் ஒரே நேரத்தில் முடிய, ஒட்டாவாவால் இருவரையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. ரெடனை வைத்துக்கொண்டது. அடுத்த பருவத்திலேயே ஒட்டாவா இறுதிப் போட்டிவரை போனது என்பதையும் சொல்ல வேண்டும்; அந்த முடிவு அன்று பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. இரண்டே ஆண்டில் ரெடனும் போய்விட்டார். வேடிக்கை என்னவென்றால், 2013-ல் அதே ரெடன் தன் கடைசி என்.ஹெச்.எல். ஆட்டங்களை ஆடியது பாஸ்டனில், சாரா தலைமையில்.

பாஸ்டன் போனதும் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லவே இல்லை. 2006 ஜூலை 1 அன்று 5 ஆண்டுகளுக்கு 37.5 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தமானார்; அணித்தலைவர் பதவியும் உடனே வந்தது. முதல் பருவத்தில் அணி கோப்பைக்கான அடுத்த சுற்றுக்கே தகுதி பெறவில்லை. ஆட்டத்துக்குச் சராசரியாக 27 நிமிடத்துக்கு மேல் அவரை ஐஸில் வைத்துப் பிழிந்தார்கள். 45 விநாடிக் கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு என்று புரியும். அவர் ஐஸில் இருந்தபோது விழுந்த கோல்களைக் கூட்டிக் கழித்துச் சொல்லும் கணக்கில் அந்தப் பருவம் அவருக்குக் கிடைத்தது கழித்தல் 21.

2007-ல் கிளாட் ஜூலியன் பயிற்சியாளராக வந்தார். தடுப்பை முதலில் சீர்செய்கிறவர். சாராவின் நிமிடங்களைக் குறைத்து, எதிரணியின் முதல் வரிசைக்கு எதிராக மட்டும் அவரைக் குறிபார்த்து இறக்கினார். 2008–09 பருவத்தில் 19 கோல், 31 கோல் உதவி, கூட்டல் 23, கூடவே நாரிஸ் விருது.

33 என்ற எண் ஏன்?

அதுவரை 3-ஆம் எண் போட்டவர். பாஸ்டனில் 3-ஆம் எண் லயனல் ஹிட்ச்மன் என்ற பழைய தடுப்பாட்டக்காரரின் நினைவாக 1930-களிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. எனவே இன்னொரு 3 சேர்த்துக்கொண்டார். இப்போது அந்த 33-ஐயும் பாஸ்டன் யாருக்கும் கொடுப்பதில்லை.

அணித்தலைவராக அவர் எப்படி?

14 பருவங்கள் தலைவராக இருந்தார். உடைமாற்றும் அறையில் ‘புதுப்பையன்’ என்ற பொருளில் வரும் சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது அவருடைய புகழ்பெற்ற விதி. புதிதாக வந்தவர்களைப் பெட்டி தூக்க வைப்பது, கேலி செய்வது போன்ற வழக்கம் வட அமெரிக்க விளையாட்டு அணிகளில் ஆழமாக வேரூன்றியது. நம் கல்லூரி விடுதிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஹாக்கி அறையில் நாற்பது வயதுக்காரரும் பத்தொன்பது வயதுக்காரரும் ஒரே வேலைக்கு வந்தவர்கள் என்பது அவர் நினைப்பு.

ஸ்லோவாக், செக், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், ஸ்வீடிஷ், ஆங்கிலம் என்று ஏழு மொழி பேசுவார் என்பார்கள். பல நாட்டவர் கூடும் அறையில் இது சின்ன விஷயமில்லை. பிரின்ஸ் ஜார்ஜில் மொழி தெரியாமல் போய் இறங்கியவருக்கு மற்றவர்களின் திணறல் புரிந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

2011 கோப்பையில் அவருடைய பங்கு என்ன?

அந்த ஆண்டு இறுதிப் போட்டித் தொடரில் பாஸ்டனுக்கு எதிரே நின்ற வான்கூவர் கனக்ஸ்தான் லீகின் மிகச் சிறந்த அணி. ஹென்ரிக் செடின், டேனியல் செடின் என்ற ஸ்வீடன் இரட்டையர்கள் அதன் உயிர். முந்தைய பருவத்தில் ஹென்ரிக்கும் அந்தப் பருவத்தில் டேனியலும் லீகிலேயே அதிகப் புள்ளிகள் (கோலும் கோல் உதவியும் சேர்ந்த கணக்கு) எடுத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே பாஸ் கொடுத்துக்கொள்வார்கள்.

அவர்கள் ஐஸில் இறங்கும்போதெல்லாம் சாராவையும் அவருடைய ஜோடி டென்னிஸ் சைடன்பெர்க்கையும் ஜூலியன் இறக்கினார். செடின்கள் பக்கைக் கோலுக்குப் பின்னாலும் மூலைகளிலும் சுழற்றி, எதிராளி தலை சுற்றி நிற்கும்போது நடுவே கொடுப்பார்கள். சாரா தலை சுற்றவில்லை. மூலைக்குத் துரத்திக்கொண்டு போகாமல், நடுவே போகும் வழியில் அந்த நீண்ட மட்டையை நீட்டி வைத்துக் காத்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களையும் பாஸ்டன் தோற்றது. பிறகு தொடர் திரும்பியது. ஏழு ஆட்டங்களில் வான்கூவர் அடித்த மொத்தக் கோல்கள் 8. பாஸ்டன் அடித்தவை 23. கோல்கீப்பர் டிம் தாமஸுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

ஜூன் 15 அன்று வான்கூவரிலேயே 4–0. பாஸ்டனுக்கு 39 ஆண்டுகளுக்குப் பிறகு லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பை. சுமார் 16 கிலோ எடையுள்ள அந்தக் கோப்பையை முதலில் தூக்கிய சாரா, அடுத்து 43 வயது மார்க் ரெக்கியிடம் கொடுத்தார். ரெக்கி அதோடு ஓய்வு பெற்றார்.

அதே ஆண்டு ஒருவரின் கழுத்தை உடைத்தவர்தானே?

ஆம், இதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் அது துதிபாடல்.

2011 மார்ச் 8, மாண்ட்ரியல். பக்கைத் துரத்தி வந்த மாக்ஸ் பாசியொரெட்டியைச் சாரா பக்கவாட்டுச் சுவரோடு தள்ளினார். இரண்டு அணிகளின் பெஞ்சுகளுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு தொடங்கும் இடம் அது. அங்கிருந்த தூணில் பாசியொரெட்டியின் தலை மோதியது. கழுத்தெலும்பு வரிசையில் நான்காவது எலும்பில் முறிவு. மூளையிலும் கடும் அதிர்ச்சி. சாரா ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். லீக் அதற்கு மேல் தடையோ அபராதமோ விதிக்கவில்லை. மாண்ட்ரியல் கொதித்தது, ஏர் கனடா நிறுவனம் விளம்பர ஆதரவை விலக்கிக்கொள்வோம் என்று எச்சரித்தது. போலீஸ் விசாரணை நடந்தது. அந்த நவம்பரில், வழக்குத் தொடரப் போவதில்லை என்று அறிவித்தார்கள்.

என் கருத்து: தூணில் மோதவைக்க அவர் திட்டமிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பக் கடந்து போன பிறகும் தள்ளியது தவறு. சில ஆட்டங்களுக்காவது தடை விதித்திருக்க வேண்டும். ‘தெரியாமல் நடந்தது’ என்பது தண்டனையைக் குறைக்கலாம், நீக்கக் கூடாது. பாசியொரெட்டி அடுத்த பருவமே திரும்பி வந்து 33 கோல் அடித்தார். பின்னாளில் மாண்ட்ரியலின் தலைவருமானார். லீக் அடுத்த பருவத்திலிருந்து அந்த இடங்களில் வளைந்த கண்ணாடியைக் கட்டாயமாக்கியது.

அவருடைய அடி உண்மையிலேயே அவ்வளவு வேகமா?

பக் என்பது 3 அங்குல விட்டமுள்ள, கெட்டி ரப்பர் வட்டு. எடை சுமார் 170 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் வீசிய பந்தின் வேகம் மணிக்கு 161.3 கிலோமீட்டர். 2012-ல் ஒட்டாவாவில் நடந்த நட்சத்திர வீரர்கள் போட்டியில் சாரா அடித்த பக்கின் வேகம் 108.8 மைல், அதாவது 175 கிலோமீட்டர்.

அல் ஐயஃப்ரேட் 1993-ல் வைத்த 105.2 மைல் சாதனை 16 ஆண்டுகள் நின்றிருந்தது. 2009-ல் சாராதான் அதை உடைத்தார். இங்கே உயரம் உதவியது என்று தாராளமாகச் சொல்லலாம். நீண்ட நெம்புகோல், பெரிய வீச்சு. எதிரே மட்டைக்குப் பதில் உடம்பையே குறுக்கே வைத்துத் தடுக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

டொராண்டோ நண்பர்கள் இவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்களே?

டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் தமிழர்கள் ஏராளம், அவர்களில் மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர்களும் உண்டு. 2013 மே 13-ஐ அவர்களிடம் நினைவூட்டாதீர்கள். முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி 20 நிமிடப் பகுதியில், டொராண்டோ 4–1 என்று முன்னிலை. நடுவே ஒன்றைத் திருப்பி அடித்த பாஸ்டன், கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்தது. சமன் செய்த கோலை 51 விநாடி மீதமிருக்கும்போது பாட்ரிஸ் பெர்ஜரான் அடித்தார். அப்போது டொராண்டோ கோல்கீப்பரின் முகத்துக்கு நேரே சுவர்போல நின்றவர் சாரா. பக் எங்கிருந்து வந்தது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் வென்றது. தடுப்பாட்டக்காரரை எதிரணிக் கோலின் முன் நிறுத்தித் திரையாக்குவது பாஸ்டனின் தந்திரங்களில் ஒன்று.

அந்த ஆண்டு இறுதிப் போட்டிவரை போய்ச் சிகாகோவிடம் தோற்றார்கள். ஆறாவது ஆட்டத்தின் முடிவில் 17 விநாடியில் இரண்டு கோல் வாங்கி. வினை விதைத்தவன் கதை என்று டொராண்டோக்காரர்கள் சொல்லக்கூடும்.

தாடை உடைந்தும் ஆடினார் என்பது உண்மையா?

உண்மை. 2019 இறுதிப் போட்டி, செயின்ட் லூயிஸ் புளூஸுக்கு எதிராக. நான்காவது ஆட்டத்தில் எதிரணியினர் அடித்த பக் அவர் மட்டையில் பட்டு எகிறி முகத்தில் மோதியது. ஐஸில் ரத்தம். பிறகு முழு முகக் கவசத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஆட அனுமதி இல்லை. தாடையில் முறிவு, கம்பிகளும் தகடுகளும் வைத்துக் கட்டினார்கள். மூன்று நாள் கழித்து பாஸ்டனில் ஐந்தாவது ஆட்டம். அவருக்கு வயது 42. வாயைச் சரியாகத் திறக்க முடியாதவர் இறங்கினார்.

ஆறாவது ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்தார். எதிரணி கோல்கீப்பரை வெளியே எடுத்திருந்தபோது காலிக் கோலில். ஏழாவது ஆட்டத்தில் சொந்த மண்ணில் 4–1 என்று தோற்றார்கள். இப்படிப்பட்ட துணிச்சலைப் பாராட்டுவதா, இதை எதிர்பார்க்கிற ஒரு பண்பாட்டைக் கண்டிப்பதா என்பதில் எனக்கு இன்றும் தடுமாற்றம் உண்டு.

அப்படியானால் வரலாற்றிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரர் இவர்தானா?

இல்லை. பாஸ்டனிலேயே பாபி ஓர் என்பவர் இருக்கிறார். முழங்கால் போனதால் 657 ஆட்டங்களோடு முடிந்தாலும் அவரோடு யாரையும் ஒப்பிட முடியாது. ரே போர்க் இருக்கிறார். சாராவின் காலத்திலேயே ஆடிய ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் ஏழு நாரிஸ் விருது, நான்கு கோப்பை வென்றவர், 1,142 புள்ளிகள். சாராவுக்கு ஒரு நாரிஸ், ஒரு கோப்பை. 209 கோலும் 471 உதவியுமாக 680 புள்ளிகள். லிட்ஸ்ட்ரோமிடம் பக் கேட்ட இடத்துக்கு வந்து நிற்கும். சாரா அதைப் போய் எடுத்து வர வேண்டியிருந்தது. என் பட்டியலில் அவர் முதல் ஐந்தில் வர மாட்டார். ஆனால் இருபது ஆண்டுக் காலத்தில் ‘இவருக்கு எதிராக ஆட விருப்பமில்லை’ என்ற பட்டியல் ஒன்று போட்டால் முதல் பெயர் அவருடையதுதான்.

ஏன் பாஸ்டனை விட்டுப் போனார்?

2020-ல் அவருக்கு 43 வயது. இளைஞர்களுக்கு இடம் தர, அவரைக் குறைந்த நேரம் ஆடவைக்க அணி விரும்பியது. அவர் முழுநேரம் ஆட விரும்பினார். 2020 டிசம்பர் கடைசியில் 7,95,000 டாலருக்கு வாஷிங்டனில் சேர்ந்தார். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 7.5 மில்லியன் வாங்கியவர். அடுத்த பருவம் ஐலண்டர்ஸில் 7,50,000. லீகின் அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் அது. பணத்துக்காக ஆடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1,680 என்ற எண் எவ்வளவு பெரியது?

ஒரு பருவத்துக்கு 82 ஆட்டம். ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினாலும் இருபது பருவம் முடிந்து இருபத்தொன்றாவதின் நடுவில்தான் இந்த எண்ணைத் தொட முடியும். கிறிஸ் செலியோஸின் 1,651 என்ற சாதனையை 2022 பிப்ரவரி 24 அன்று சான் ஹோசேயில் தாண்டினார். இதில் சேராதவை கோப்பைச் சுற்று ஆட்டங்கள்: இன்னும் 200.

உடம்பை எப்படிக் காத்தார்?

சைக்கிள், மல்யுத்தக்காரர்களின் பாணி உடற்பயிற்சி. நாற்பதை ஒட்டிய வயதில் தாவர உணவுக்கு மாறினார். 2008-ல் கிளிமஞ்சாரோ மலையும் ஏறினார், விளையாட்டின் வழியாகக் குழந்தைகளுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்புக்காக.

இப்போது என்ன செய்கிறார்?

2022 செப்டம்பரில், பாஸ்டன் அணியோடு ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு, அந்த அணியின் வீரராகவே ஓய்வை அறிவித்தார். 2023 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 3 மணி 38 நிமிடம் 23 விநாடியில் ஓடி முடித்தார். மாரத்தான் ஓடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த எடையில் அது என்ன நேரம் என்று சொல்வார்கள். 2025-ல் ஹாக்கிப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். அந்த அரங்கம் இருப்பது டொராண்டோவில்.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்ப்பது?

கோல் தொகுப்புகளைப் பார்க்காதீர்கள். அதில் அவர் வேலை தெரியாது. 2011 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிடம் பக்கை மறந்துவிட்டு 33-ஐ மட்டும் கவனியுங்கள். செடின்களில் ஒருவர் பாஸ்டன் பகுதியின் எல்லையான நீலக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் சாராவின் மட்டை நுனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த செடின் பாஸ் கொடுக்கப் போய், நிறுத்தி, வேறு பக்கம் திரும்புவதைப் பாருங்கள். அந்த இரண்டு விநாடியில் புள்ளிவிவரத் தாளில் ஏறும்படி எதுவும் நடந்திருக்காது.